கலந்தும் பிரிந்தும்

நுழையும்முன்

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டா என்பது நாம் அடிக்கடி கேட்கும் சொல். அந்த ஒட்டாத இயல்பையே துணையாகக் கொண்டு, கரைசலில் மறைந்திருக்கும் ஒரு பொருளை வெளியே கொண்டுவரும் முறை வேதிப்பொறியியலில் உண்டு. அதற்குரிய கோபுரத்தை வடிவமைக்க ஒரு மாணவர் எதை எதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதை இக்கட்டுரை சொல்கிறது.

அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. "எண்ணெய் பிரிந்து மேலே வரட்டும்" என்று வீட்டில் காத்திருப்பார்கள். சற்று நேரத்தில் மேலே படலமாக மிதக்கும் எண்ணெயைப் பார்த்தால் அது செக்கச்செவேலென்று இருக்கும். குழம்பில் எண்ணெயைவிட நீர்தான் மிகுதி. ஆயினும் நிறம் ஏன் எண்ணெயில் போய்ச் சேர்ந்தது? மிளகாயின் செந்நிறமிகளும் மஞ்சளின் குர்குமினும் நீரில் கரைய மறுப்பவை. எண்ணெயில் எளிதில் கரைபவை. ஒன்றோடொன்று கலவாத இரண்டு நீர்மங்கள் தொட்டுக்கொண்டிருக்கும்போது, அவற்றில் உள்ள பொருள் தனக்கு உகந்த இடத்துக்குக் குடிபெயர்ந்துவிடுகிறது. வேதியியலில் இதனைக் கரைப்பான்கொண்டு சாறு இறக்குதல் என்பர்.

கோயம்புத்தூரின் பீளமேட்டில், சி.ஐ.டி. என்று ஊரார் அழைக்கும் தொழில்நுட்பக் கல்லூரி 1956ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அங்கு வேதிப்பொறியியலும் ஒரு பாடம். வேதிப்பொறியியல் பயிலும் மாணவர் எந்தக் கல்லூரியில் இருந்தாலும், படிப்பு முடியுமுன் ஏதேனும் ஒரு கருவியைத் தாமே கணக்கிட்டு வரைந்து காட்ட வேண்டியிருக்கும். அவர் மேசைக்கு நம் குழம்பு வேறு வடிவத்தில் வந்து சேர்கிறது: 'நீரில் சிறிதளவு அசெட்டிக் அமிலம் கரைந்துள்ளது. அதைப் பிரித்தெடுக்க ஒரு கோபுரம் வடிவமைக்க.'

ஏன் காய்ச்சி வடிக்கக் கூடாது என்பதுதான் முதலில் எழ வேண்டிய கேள்வி. நீர் 100 செல்சியஸ் பாகையில் கொதிக்கிறது. அசெட்டிக் அமிலம் 118 பாகையில் கொதிக்கிறது. முதலில் ஆவியாகிச் செல்ல வேண்டியது நீர்தான். 100 கிலோ கரைசலில் 5 கிலோ அமிலம் இருந்தால், அந்த 5 கிலோவுக்காக 95 கிலோ நீரையும் ஆவியாக்க வேண்டும். ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வெப்பம் தேவை. எலியைப் பிடிக்க மலையைக் கெல்லுவது போன்றது அது. அமிலத்தை விரும்பி ஏற்கும் ஒரு கரைப்பானைக் கொண்டு அதைத் தனியே இழுத்துக்கொள்வதே சிக்கனமான வழி.

கரைப்பானைத் தேடும் படலம்

எந்தக் கரைப்பான்? இங்கேயே முதல் இழுபறி தொடங்கிவிடுகிறது. எத்தில் அசெட்டேட் அமிலத்தை நன்றாக ஏற்கும். ஆனால் அது நீரிலும் ஓரளவு கரையும். 100 மில்லிலிட்டர் நீரில் ஏறத்தாழ 8 கிராம். அமிலத்தை எடுக்கப் போய்க் கரைப்பானை இழந்து நிற்க நேரும். நீரில் தங்கிய கரைப்பானை மீட்க இன்னொரு கருவி வேண்டும். டொலுயீன் நீரில் மிகச் சிறிதளவே கரையும். ஆனால் அது அமிலத்தையும் அவ்வளவாக ஏற்காது. அமிலத்தோடு நட்புக் கொள்ளும் கரைப்பான் பெரும்பாலும் நீரோடும் நட்புக் கொள்கிறது.

இவை மட்டுமல்ல. நீருக்கும் கரைப்பானுக்கும் அடர்த்தியில் போதிய வேறுபாடு இருக்க வேண்டும். இல்லையேல் அவை பிரிய நாழிகைகள் ஆகும். கரைப்பான் எளிதில் தீப்பற்றுமா, நஞ்சா, விலை என்ன, பின்னர் அமிலத்திலிருந்து அதைப் பிரித்து மீண்டும் பயன்படுத்த முடியுமா என்பவற்றையும் பார்க்க வேண்டும். எல்லாப் பண்பும் நிறைந்த கரைப்பான் கிடைப்பதில்லை. எந்தக் குறையோடு வாழ முடியும் என்று முடிவெடுப்பதே தேர்வு.

எதிரெதிர் ஓட்டத்தின் கணக்கு

இனி ஒரு சிறு கணக்கு. ஒரு லிட்டர் நீரில் 10 கிராம் பொருள் கரைந்துள்ளது எனக் கொள்வோம். நம்மிடம் ஒரு லிட்டர் கரைப்பான் உள்ளது. சமநிலையில் கரைப்பானில் பொருளின் செறிவு, நீரில் உள்ள செறிவைப்போல இரு மடங்காக இருக்கும் என்க. இந்த 2 என்னும் எண்ணே பங்கீட்டுக் கெழு. நீரும் கரைப்பானும் ஒன்றிலொன்று சிறிதும் கரையா என்றும் வைத்துக்கொள்வோம்.

கரைப்பான் முழுவதையும் ஒரே முறை ஊற்றிக் குலுக்கிப் பிரித்தால் மூன்றில் இரண்டு பங்கு கரைப்பானுக்குச் செல்லும், நீரில் 3.33 கிராம் எஞ்சும். அதே ஒரு லிட்டரை இரண்டு அரை லிட்டராகப் பிரித்து இரு முறை செய்தால் எஞ்சுவது 2.5 கிராம். நான்கு கால் லிட்டராகச் செய்தால் 1.98 கிராம். பகுதிகளைக் கூட்டக் கூட்டப் பயன் கூடும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு; எத்தனை சிறு பகுதிகளாகப் பிரித்தாலும் 1.35 கிராமுக்குக் கீழே இறங்க முடியாது.

இப்போது முறையை மாற்றுவோம். நீர் ஒரு திசையில் செல்லட்டும்; கரைப்பான் அதற்கு எதிர்த் திசையில் வரட்டும். நீரின் அளவும் கரைப்பானின் அளவும் முன்போலவே சமம். இரண்டு படிகளில் எஞ்சுவது 1.43 கிராம். மூன்று படிகளில் 0.67 கிராம். பகுதிபகுதியாக ஊற்றும் முறையில் எத்தனை முறை முயன்றாலும் எட்ட முடியாத எல்லையை, மூன்றே படிகளில் கடந்துவிட்டோம். ஐந்து படிகள் இருந்தால் 0.16 கிராம் மட்டுமே எஞ்சும். ஒரு சொட்டுக் கரைப்பானும் கூடுதலாகச் செலவழிக்கவில்லை.

இது எப்படி இயல்கிறது? தண்ணீர் அருமையான ஊர்களில் துணி துவைப்பவர்களைக் கவனித்திருப்பீர்கள். ஒரு துணியைக் கடைசியாக அலசிய நீரைக் கொட்டிவிட மாட்டார்கள். அடுத்த அழுக்குத் துணியின் முதல் அலசலுக்கு வைத்துக்கொள்வார்கள். ஏறத்தாழ வெளுத்துவிட்ட துணிக்குத் தூய நீர். அழுக்கு மிகுந்த துணிக்கு முன்பே பயன்பட்ட நீர். கோபுரத்திலும் இதுவே நிகழ்கிறது. பொருள் ஏறக்குறைய தீர்ந்துபோன நீரைப் புதிய கரைப்பான் சந்திக்கிறது. ஏற்கெனவே சுமை ஏற்றிக்கொண்ட கரைப்பான், பொருள் செறிந்த புதுக் கரைசலைச் சந்தித்து இன்னும் ஏற்றிக்கொள்கிறது.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. கரைப்பானைக் கால் லிட்டராகக் குறைத்துவிட்டால், அது ஏற்கக்கூடிய மிகுதியான அளவே 5 கிராம்தான். பிறகு கோபுரத்தை வானளாவ எழுப்பினாலும் பாதி அமிலம் நீரிலேயே தங்கிவிடும். ஆகவே முதலில் கரைப்பானின் அளவு, அதன் பின்பே படிகளின் எண்ணிக்கை.

தாளிலிருந்து கோபுரத்துக்கு

இதுவரை வந்தது தாள் கணக்கு. நல்ல மாணவர் ஒரு பிற்பகலில் முடித்துவிடுவார். 'ஐந்து படிகள்' என்று விடை எழுதி அடிக்கோடும் இடுவார். ஆனால் படி என்பது கண்ணால் காணும் பொருள் அன்று. இரண்டு நீர்மங்களும் முழுச் சமநிலை எய்திப் பிரிவதாக நாம் கற்பித்துக்கொண்ட ஓர் அளவு அது. அந்த ஐந்து படிகள் உண்மையில் எத்தனை மீட்டர் உயரம் என்பது வேறு கேள்வி. வடிவமைப்பின் கடினமான பகுதி அங்கேதான் தொடங்குகிறது. பாடநூல்கள் இந்த இடத்தை விரைந்து கடந்துவிடுகின்றன என்பது என் எண்ணம்.

கோபுரம் என்பது நிமிர்ந்து நிற்கும் நீண்ட உருளைதான். அடர்த்தி மிகுந்த நீரை உச்சியில் விடுகிறோம்; அது இறங்குகிறது. அடர்த்தி குறைந்த கரைப்பானை அடியில் விடுகிறோம். அது துளித்துளியாக மேலேறுகிறது. துளிகளாகச் செல்வதைச் சிதறல் நீர்மம் என்றும், சூழ்ந்து நிற்பதைத் தொடர் நீர்மம் என்றும் சொல்லலாம். பொருள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் துளியின் மேற்பரப்பு வழியாகவே கடக்க வேண்டும். ஆகையால் பரப்பு எவ்வளவு கூடுகிறதோ, மாற்றம் அவ்வளவு விரைவு.

ஒரு லிட்டர் கரைப்பானை 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளிகளாக்கினால் அவற்றின் மொத்தப் பரப்பு 2 சதுர மீட்டர். துளியை 1 மில்லிமீட்டராக்கினால் 6 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காக்கினால் 60 சதுர மீட்டர். ஒரு சிறு வீட்டின் தரைப்பரப்பு! அப்படியானால் துளிகளை இயன்றவரை நுணுக்கிவிட வேண்டியதுதானே என்று தோன்றும்.

அங்கேதான் பொறி இருக்கிறது. துளி சிறுக்கச் சிறுக்க அது மேலேறும் வேகமும் குறைகிறது. மிக நுண்ணிய துளிகளில், விட்டம் பாதியானால் வேகம் நான்கில் ஒரு பங்காகிவிடும். ஏறும் துளியின் வேகத்தைவிட எதிரே இறங்கும் நீரின் வேகம் மிகுந்துவிட்டால், துளி மேலே செல்லாது; நீரோடு சேர்ந்து கீழே அடித்துச் செல்லப்படும். ஏறிச் செல்ல வேண்டிய கரைப்பான் கீழ்வழியே வெளியேறும். பொறியாளர் இதனைக் கோபுரத்தில் 'வெள்ளம்' என்பர். வெள்ளம் வந்த கோபுரம் வேலை செய்யாது.

நன்கு கலக்க வேண்டும். நன்கு பிரியவும் வேண்டும். கலப்பதற்கு உதவும் ஒவ்வொன்றும் பிரிவதைக் கெடுக்கிறது. சாறிறக்கும் கோபுரத்தின் வடிவமைப்பு முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையே செய்துகொள்ளும் உடன்பாடுதான். கோபுரத்தின் விட்டத்தை இதைக் கொண்டே தீர்மானிக்கிறார்கள். வெள்ளம் எழும் வேகத்தைக் கண்டறிந்து, அதில் பாதி முதல் முக்கால் பங்கு வரையுள்ள வேகத்தில் நீர்மங்கள் ஓடுமாறு அகலத்தை வைப்பது வழக்கம்.

உருளையின் உள்ளே ஒன்றும் வைக்காமலும் விடலாம், துளைத்தட்டுகளை அடுக்கலாம், வளையங்கள் போன்ற நிரப்புப் பொருள்களை இட்டு நிரப்பலாம், சுழலும் வட்டுகளைப் பொருத்தலாம். நிரப்புப் பொருளைத் தேர்வதில் ஒரு நுட்பம் உண்டு. துளிகளாகச் செல்லும் நீர்மம் அதன்மேல் ஒட்டிப் படரக் கூடாது. பீங்கான் வளையங்களை நீர் நனைக்கும். ஆகவே நீரைத் துளிகளாக விட்டு அங்கே பீங்கான் வளையங்களை இட்டால், துளிகள் வளையத்தின்மேல் ஏடாகப் படிந்து வழிந்துவிடும்; பெற நினைத்த பரப்பு கைவிட்டுப் போகும்.

மோட்டார் பம்புகளுக்குப் பெயர்பெற்ற கோவையில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நீரையும் கரைப்பானையும் தனித்தனிப் பம்புகளால்தான் கோபுரத்துக்கு ஏற்ற வேண்டும். இரண்டையும் சேர்த்து விரைந்து சுழலும் ஒரே பம்பின் வழியே செலுத்தினால், அதன் சக்கரம் அவற்றைப் பால்போல் வெளுக்க அடித்துவிடும். அந்தப் பால்மம் தெளிய எவ்வளவு நேரமாகும் என்று சொல்ல இயலாது. கலனைக் கழுவியபோது தங்கிவிட்ட சிறிது சோப்பும் அதே தொல்லையைத் தரும். நீர்மங்களுக்கிடையே உள்ள இடைமுக இழுவிசையை அது மாற்றிவிடுகிறது. அழுக்கில்லாக் குடுவையில் எடுத்த அளவு ஆலையில் பொய்த்துப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உயரத்துக்கு வருவோம். ஆய்வகத்தில் கையகல விட்டமுள்ள கண்ணாடிக் கோபுரத்தை இயக்கி, மேலும் கீழும் வெளிவரும் நீர்மங்களில் எவ்வளவு அமிலம் உள்ளது என்று சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலால் தரம் பார்க்கிறார்கள். பினால்ஃப்தலீன் இளஞ்சிவப்பாகும் கணமே விடை. அதிலிருந்து ஒரு படிக்கு எத்தனை சென்டிமீட்டர் தேவைப்படுகிறது என்று கணக்கிடலாம். 60 சென்டிமீட்டர் என்று வந்தால், ஐந்து படிகளுக்கு 3 மீட்டர். இதை அப்படியே பெரிய கோபுரத்துக்கு எடுத்துச் செல்ல முடியுமா? முடியாது. அகலமான கோபுரத்தில் நீர்மங்கள் நேராகச் செல்லாமல் சுழன்று, மேலுள்ளது கீழும் கீழுள்ளது மேலுமாகக் கலக்கும். எதிரெதிர் ஓட்டத்தின் பயனெல்லாம், உச்சிக்கும் அடிக்கும் இடையே உள்ள செறிவு வேறுபாட்டில்தான் இருக்கிறது. சுழற்சி அந்த வேறுபாட்டைச் சமன்படுத்திவிடுகிறது. முற்றிலும் சமன்பட்டுவிட்டால் எத்தனை மீட்டர் உயரமிருந்தாலும் அது ஒரே படிதான். எஞ்சுவது மீண்டும் அந்த 3.33 கிராம். ஆகவே விட்டம் பெருகும்போது ஒரு படிக்கு வேண்டிய உயரத்தையும் கூட்டியே வைக்கிறார்கள்.

கல்பாக்கத்துக் கோபுரங்கள்

அமிலக் கோபுரத்தில் தவறு நேர்ந்தால் நிறுத்தலாம், திறந்து பார்க்கலாம், வளையங்களை மாற்றலாம். திறக்கவே முடியாத கோபுரங்களும் தமிழ்நாட்டில் உள்ளன. அணு உலையில் பயன்படுத்தப்பட்ட எரிபொருளில், எரியாத யுரேனியமும் புதிதாக உருவான புளூட்டோனியமும் கடுங்கதிரியக்கமுள்ள பிளவுப் பொருள்களோடு கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுக்கும் இந்தியாவின் முதல் ஆலை டிராம்பேயில் 1964இல் இயங்கத் தொடங்கியது. கல்பாக்கத்தில் உள்ள ஆலை 1998இல் செயற்பாட்டுக்கு வந்தது.

அங்கு நிகழ்வதும் குழம்பில் நிகழ்ந்ததுதான். எரிபொருளை நைட்ரிக் அமிலத்தில் கரைக்கிறார்கள். டிரைபியூட்டைல் பாஸ்பேட் என்னும் கரைப்பான் அதைத் தொடும்போது யுரேனியமும் புளூட்டோனியமும் கரைப்பானுக்குக் குடிபெயர்கின்றன. சீசியம், ஸ்ட்ரான்சியம் முதலிய பிளவுப் பொருள்கள் அமிலநீரிலேயே தங்கிவிடுகின்றன. பின்னர்ப் புளூட்டோனியத்தின் ஆக்சிஜனேற்ற நிலையைக் குறைத்தால் அது கரைப்பானை விட்டு நீருக்குத் திரும்பும்; யுரேனியம் கரைப்பானிலேயே இருக்கும். இறுதியில் நீர்த்த அமிலத்தால் யுரேனியத்தையும் மீட்டுக்கொள்கிறார்கள். பியூரெக்ஸ் என்பது இம்முறையின் பெயர்.

இதில் பீளமேட்டு மாணவர் உற்றுப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. டிரைபியூட்டைல் பாஸ்பேட்டைத் தனியே பயன்படுத்துவதில்லை. டோடெக்கேன் போன்ற ஹைட்ரோகார்பனில் கலந்து, பருமனளவில் நூற்றுக்கு முப்பது பங்காகப் பயன்படுத்துகிறார்கள். யுரேனியத்தைப் பிடிக்கும் ஆற்றலைப் பாதிக்கு மேல் குறைத்துக்கொள்வது ஏன்? அக்கரைப்பானின் ஒப்படர்த்தி 0.97, கிட்டத்தட்ட நீரேதான். பிசுப்பும் மிகுதி. தனியே விட்டால் நீரிலிருந்து எளிதில் பிரியாது. டோடெக்கேன் சேர்ந்தபின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 0.82 ஆகிறது. பிரிய வேண்டும் என்பதற்காகவே ஏற்கும் வலிமையை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

துளிகளை உண்டாக்கும் முறையும் வேறு. கதிரியக்கம் காரணமாக அந்த அறைக்குள் எவரும் நுழைய முடியாது. சுழலும் தண்டோ, தேய்ந்துபோகும் அச்சோ உள்ளே இருந்தால், பழுதுபடும் நாளில் யார் போய் மாற்றுவது? அதனால் துடிப்புக் கோபுரங்களைப் பயன்படுத்துகிறார்கள். 1935இல் வான் டைக் என்பார் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. கோபுரத்துக்குள் துளைத்தட்டுகள் அசையாமல் நிற்கும். வெளியிலிருந்து காற்றழுத்தம் விட்டுவிட்டுத் தரும் உந்துதலால் உள்ளிருக்கும் நீர்மம் முழுவதும் மார்பு ஏறி இறங்குவதுபோல் ஏறி இறங்கும். ஒவ்வொரு துடிப்பிலும் கரைப்பான் துளைகளின் வழியே நுழைந்து துளிகளாக உடையும். துடிப்பு குறைந்தால் துளி பெருத்துப் பரப்புக் குறையும், மிகுந்தால் வெள்ளம். இங்கும் அதே உடன்பாடுதான்.

அமிலக் கோபுரத்தில் ஓட்டம் மிகுந்தால் அகலத்தைக் கூட்டிவிடலாம். புளூட்டோனியம் உள்ள இடத்தில் அந்த உரிமையும் இல்லை. அது ஓரிடத்தில் அளவுமீறித் திரண்டால் பிளவின் தொடர்வினை தானே தொடங்கிவிடக்கூடும். எனவே கோபுரத்தின் பருமனை வேதிப்பொறியியல் மட்டும் தீர்மானிப்பதில்லை; அணு இயற்பியல் முதலில் ஒரு கோடு போட்டுவிடுகிறது.

கல்பாக்கத்திலேயே, வேக ஈனுலைச் சோதனை உலையின் எரிபொருளைப் பிரிக்கும் 'கோரல்' என்னும் சிறிய ஆய்வுக்கூடம் 2003 முதல் இயங்குகிறது. அவ்வெரிபொருளில் கதிர்வீச்சு மிகக் கடுமை. நீண்ட நேரம் தொட்டுக்கொண்டிருந்தால் கரைப்பானே சிதைந்துவிடும். கோபுரத்தில் நிதானமாக ஏறி இறங்க நேரமில்லை. அதனால் அங்குக் கோபுரத்துக்கு மாறாக மைய விலக்கு விசையால் சுழன்று பிரிக்கும் சிறு கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள். புவியீர்ப்பு மெல்லப் பிரிப்பதைச் சுழற்சி நொடிகளில் பிரித்துவிடுகிறது.

மாணவர் வரைபடத்தாளை விரிக்கும் முன் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அதற்குக் கோபுரமோ கணினியோ வேண்டா. மூடியிட்ட ஒரு கண்ணாடிச் சாடியில் ஆலைக் கரைசலில் பாதியும் தேர்ந்த கரைப்பானில் பாதியுமாக ஊற்றி, நன்றாகக் குலுக்கி மேசைமேல் வைக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருக்க வேண்டும். நடுவே தெளிந்த கோடு ஒரு நிமிடத்துக்குள் தோன்றினால் கணக்கைத் தொடரலாம். மறுநாள் காலையிலும் சாடி கலங்கியே இருந்தால், கரைப்பானைத் தேடும் படலத்துக்கே திரும்ப வேண்டியதுதான்.